28 நாள் கெடு

புனேவுக்கு வடக்கே இருக்கிறது சாகண். வெங்காயச் சந்தைக்குப் பேர்போன ஊர். இன்று கார், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளின் ஊரும்கூட. பிழைப்புக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய இளம் தம்பதிகள் இங்கே ஏராளம். ஒரு சின்ன மாத்திரை பற்றிய சேதி உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டியது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

ஸ்பைனா பிஃபிடா என்பது குழந்தையின் முதுகெலும்பு முழுதாக மூடாமல் போகும் பிறவிக் குறை. கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான தகடாக இருந்து, பிறகு சுருண்டு குழாயாகின்றன. கரு உருவான 28 நாட்களுக்குள் இந்தக் குழாய் மூடிவிட வேண்டும். மூடாத இடத்தில் நரம்புகள் பைபோல முதுகில் புடைத்துக்கொண்டு வரலாம். கால்கள் வலுவிழக்கலாம், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போகலாம். பல குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோக்கிறது.

பிறவிக் குறை என்றாலே கிரகணத்தின் மீது பழி போடுவது நம் வழக்கம். விஞ்ஞானம் கைகாட்டுவது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை. இக்குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளியானது. இந்த வைட்டமின் மாத்திரை, குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் தடுத்தது.

சிக்கல் நேரத்தில்தான். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்வதற்குள் பெரும்பாலும் கெடு முடிந்துவிடுகிறது. எனவே கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பு இக்குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

புனே வட்டாரம் இன்னொரு பாடமும் தந்திருக்கிறது. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஞ்னிக் குழு 1993இல் அருகிலுள்ள 6 கிராமங்களில் கர்ப்பிணிகளை ஆராயத் தொடங்கியது. மூன்றில் இரண்டு பங்கு தாய்மாருக்கு பி12 வைட்டமின் குறைவு. ஃபோலிக் அமிலம் சரிவர வேலை செய்ய பி12 துணை வேண்டும். கீரையில் முதலாவது கிடைக்கும். இரண்டாவதற்குப் பால், தயிர், முட்டை, மீன் தேவை.

குறையோடு பிறந்துவிட்டால்? ஓரிரு நாட்களில் முதுகை மூடும் அறுவை சிகிச்சை, தலைநீரை வடிக்கும் ஷண்ட் குழாய், உரிய நேரத்தில் சிறுநீரை வெளியேற்றச் சிறு குழாய் என்று வழிகள் உண்டு. இந்தியத் தயாரிப்பான சாப்ரா ஷண்ட்டின் விலை 2005 வாக்கில் சுமார் 35 டாலராக இருந்தது. அப்போது சுமார் 650 டாலர் விலையிருந்த மேலைநாட்டு ஷண்ட்டுக்கு அது சளைத்ததல்ல என்று உகாண்டாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலிலும் இக்குறை இருக்கிறது. பராமரிப்பு தவறாமல் கிடைத்தால் இக்குழந்தைகள் பள்ளிக்குப் போகலாம், படித்து வேலையும் பார்க்கலாம்.

ஆனாலும் வருமுன் காப்பதே மலிவு. மாத்திரைப் பேச்சு வளைகாப்பு வரை காத்திருக்கக் கூடாது. கல்யாணப் பேச்சோடு தொடங்க வேண்டும்.