பார்வை மங்குதேன்னு சொட்டு மருந்தை நிறுத்திடாதீங்க!

உடம்பில் ஒட்டக் கூடாத இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொள்வதை டாக்டர்கள் 'சினிக்கியா' என்கிறார்கள். கண்ணிலும் வரும், மூக்கிலும் வரும்.

கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிறத் திரைதான் ஐரிஸ். கண்ணுக்குள் அழற்சி வந்தால் அது பின்னாலிருக்கும் லென்ஸோடு பசை போட்டதுபோல ஒட்டிவிடும். வட்டமான பாப்பா கோணலாகிவிடும். சுற்றிலும் முழுக்க ஒட்டினால், உள்ளே சுரக்கும் நீர் முன்பக்கம் வர வழியில்லாமல் கண் அழுத்தம் எகிறும். பார்வைக்கே ஆபத்து.

இதைத் தடுக்கத்தான் அட்ரோபின், ஹோமட்ரோபின் போன்ற சொட்டு மருந்துகள். பாப்பாவை விரித்து, ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால், கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். தேவாரம் பக்கம் நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவர்களுக்கு இது பெரிய தொல்லைதான். அதற்காக, "சிவப்புதான் போயிருச்சே" என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுச் சமாளிக்கலாம்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சமும் கூசினால் 'மெட்ராஸ் ஐ'தான் என்று மருந்துக்கடையில் சொட்டு வாங்க வேண்டாம். போடி வழியாகத் தேனிக்குப் போனால் அரவிந்த் கண் மருத்துவமனை 1985-லிருந்து இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு.

மூக்கில் இது பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகு வரும். நடுத்தண்டும் பக்கச் சதையும் புண்ணாக இருக்கும்போது ஒட்டி, மறுபடி அடைப்பு! சுத்தம் செய்ய டாக்டர் திரும்ப வரச் சொல்வது அதனால்தான். மூச்சு நன்றாக வந்தாலும் சொன்ன தேதியில் போய்விடுங்கள்.