அம்புக்குறி காட்டுற பக்கம் எல்லாம் நடக்கேலாது

ஜியோகாஷிங் விளையாட எந்த ஜிபிஎஸ் கருவி நல்லது என்று இணையத்தில் தேடினால் பதில்கள் கொட்டிக் கிடக்குது. எந்தத் திரை வெயிலில் தெரியும், எது கூடச் செய்மதிகளைப் பிடிக்கும், எதின்ர பற்றரி நீண்ட நேரம் நிக்கும் என்று வரிசையாகச் சொல்லியிருப்பினம். அநேகமானவை சரியான தகவல்கள்தான். ஆனால் அந்தப் பதில்கள் எல்லாம் ஒரு விஷயத்தைக் கேட்காமலே உண்மையென்று எடுத்துக்கொள்ளுகின்றன: கல்லுக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தால் அது வெறும் பெட்டிதான்.

வடக்கில் வளர்ந்த எங்களால் அதை அப்படி எடுத்துக்கொள்ள ஏலாது. கருவியைத் தெரிவு செய்யிறதும் பாவிக்கிறதும் எங்களுக்குக் கொஞ்சம் வேற மாதிரி இருக்க வேணும் என்பதுதான் என்ர வாதம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக: ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆள்கூறுகளை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப்போய், உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரெழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைக்க வேணும். இது பிறந்த கதை சுவாரசியமானது. அதுவரை அமெரிக்கா, பொதுமக்கள் பாவிக்கிற ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. கையில் இருக்கும் கருவி நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசாங்கம் அதை நிறுத்தியது. அடுத்த நாளே, மே 3ஆம் திகதி, டேவ் அல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்குக் கிட்ட ஒரு காட்டில் வாளியொன்றை வைத்து, ஆள்கூறை இணையத்தில் போட்டார். சில நாட்களுக்குள்ளேயே ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே நாட்களில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? ஏப்ரல் 22இல் ஆனையிறவு முகாம் விழுந்தது. மே மாதம் முழுக்க யாழ்ப்பாணக் குடாநாட்டில் சண்டை. அதற்குப் பிறகு வருடக்கணக்காக முகமாலைதான் முன்னரங்கு. அந்த மண்ணில் இரண்டு பக்கத்தாலும் புதைக்கப்பட்டவற்றைத்தான் இன்றைக்கும் மண்டியிட்டு இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரேகன் காட்டில் வாளி வைத்து விளையாட்டுத் தொடங்கின காலமும், எங்கட பற்றைகளுக்குள் வேற சாமான்கள் புதைந்த காலமும் ஒன்று. நான் அப்ப பிறக்கவும் இல்லை. ஆனாலும் என்ர வயதுப் பெடியள், பெட்டையள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த பாடம் ஒன்று இருக்கு: தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களிட்டச் சொல்லு. ஜியோகாஷிங் சொல்லுறது நேர்மாறு: பற்றைக்குள் தேடு, ஒளித்து வைத்ததைக் கண்டுபிடி, கையில் எடு, திற.

அப்ப இந்த விளையாட்டே வேண்டாமா? இல்லை, எனக்கு இது பிடிக்கும். புவியியல் படிக்கிற எங்களுக்கு அகலாங்கு, நெட்டாங்கு என்பது பரீட்சையில் வாற இரண்டு எண்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, காலால் நடந்துபோய், ‘இந்த எண் இந்தப் புளியமரம்தான்’ என்று கண்டுபிடிக்கிற அனுபவம் விரிவுரை மண்டபத்தில் கிடைக்காது. ஆகவே விளையாடுவோம். ஆனால் கருவியிடம் எதைக் கேட்கிறோம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டு விளையாடுவோம்.

முதல் கேள்வி: போன் இருக்கேக்க தனிக் கருவி எதற்கு?

ஒரு பிழையான நம்பிக்கையை முதலில் தீர்த்துவிடுவம். ‘டேற்றா இல்லாட்டி போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்று நிறையப் பேர் சொல்லுவினம். அப்படி இல்லை. ஜிபிஎஸ் என்பது செய்மதியிலிருந்து வாற சமிக்ஞையை வாங்குகிற வேலை மட்டும்தான். நான்கு செய்மதிகள் தெரிந்தால் போதும், இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். டேற்றா இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிக்கிறது கெதியாக நடக்கும், அவ்வளவுதான். டேற்றா இல்லாமல் இல்லாமல் போவது பின்னால் தெரிகிற வரைபடம். ஓர்கானிக் மப்ஸ், ஒஸ்மாண்ட் போன்ற செயலிகளில் வீட்டிலிருந்தே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை. யாழ்ப்பாண நகரம், காலிக் கோட்டை மாதிரியான இடங்களுக்கு இது தாராளம். காசு செலவழிக்கத் தேவையில்லை.

தனிக் கருவி எங்கே வெல்லும் என்றால் வெயிலிலும் மழையிலும் நீண்ட நாளிலும். மத்தியான வெயிலில் போன் திரை தெரியாது, சூடேறும். நாள் முழுக்க ஜிபிஎஸ் ஓடினால் பின்னேரம் வீட்டுக்கு அழைப்பு எடுக்கவும் பற்றரி இருக்காது. கார்மினின் ஈட்ரெக்ஸ் 10 போன்ற சின்னக் கருவி இரண்டு ஏஏ பற்றரியில் ஏறக்குறைய 25 மணித்தியாலம் ஓடும். அந்தப் பற்றரி எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் பென்ரோச் பற்றரி என்று கேட்டால் கிடைக்கும். எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உள்ளேயே பூட்டின பற்றரியோடு வாற விலை கூடின கருவிகள் இன்னும் நீண்ட நேரம் ஓடும்தான். ஆனால் நடுவழியில் முடிந்தால் கடைக்குப் போய் மாற்ற ஏலாது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று இலத்திரனியல் திசைகாட்டி. ஈட்ரெக்ஸ் 10, 22எக்ஸ் ஆகியவற்றில் அது இல்லை, 32எக்ஸில் இருக்கிறது. இல்லாத கருவி, நீங்கள் நடக்கும்போதுதான் திசையைக் கண்டுபிடிக்கும். நின்றால் அம்புக்குறி கண்டபாட்டுக்குச் சுத்தும். அந்த நேரம் புதிதாகப் பாவிக்கிற ஆள் என்ன செய்வார்? அம்பு நேராகட்டும் என்று அங்காலையும் இஞ்சாலையும் நாலு எட்டு வைப்பார். பூங்காவில் என்றால் பரவாயில்லை. பாதை ஓரத்தில், வேலிக்கு அங்கால் என்ன இருக்குது என்று தெரியாத இடத்தில் அந்த நாலு எட்டு தேவையில்லாத நாலு எட்டு. அதனால் திசைகாட்டி உள்ளதை எடுங்கோ, அல்லது சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்றைக் கூடக் கொண்டுபோங்கோ.

மற்ற விசயங்களைச் சுருக்கமாகச் சொல்லுறன். வரைபடம் ஏற்றக்கூடிய கருவி எங்களுக்கு வேணும்; வெறும் அம்பு மட்டும் காட்டுற கருவி போதாது, காரணத்தைப் பிறகு சொல்லுறன். இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் ஜிபிஎஸ்மப் 65 போன்றவை அடர்ந்த காட்டிலும் மலைப் பள்ளத்திலும் உதவும். சிங்கராஜாவிலோ ஹந்தானையிலோ நடக்கிற ஆளுக்கு அது பெறுமதி. யாழ்ப்பாணம் தட்டையான நிலம், பனைமரம் வானத்தை மறைக்காது, அந்தக் காசு இங்கே வீண். மாணவர்கள் நாங்கள் ஆளுக்கொன்று வாங்கத் தேவையும் இல்லை. ஐந்தாறு பேர் காசு போட்டு, பொத்தான் வைத்த பழைய கருவி ஒன்றை, மூடியின் இறப்பர் வெடிக்கவில்லை, பற்றரி அறைக்குள் பச்சைப் பாசி பிடிக்கவில்லை என்று பார்த்து வாங்கினால் போதும். கருவி ஒன்றாக இருந்தால் ஆட்களும் ஒன்றாகத்தான் போக வேணும். அதுவும் நல்லதுதான்.

இரண்டாவது கேள்வி: திரையில் தெரியிற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஜியோகாஷிங்கில் ஆள்கூறு பாகையும் தசம நிமிடமுமாக வரும். உதாரணத்துக்கு வடக்கு 9° 40.020′. இதைப் பாகைத் தசமமாக நினைத்து 9.40020 என்று அடித்தால் முப்பது கிலோமீற்றருக்குக் கிட்டத் தெற்கே போய்விடும். சரியாக அடித்தால் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் 1.85 மீற்றர்தான் மாறும். அடுத்தது கருவியின் ஆதாரத்தளம் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்குதா என்று பார்க்க வேணும். எங்கட பழைய ஓரங்குலத் தாள்கள் கண்டவல ஆதாரத்தளத்தில் வரையப்பட்டவை. ஆரோ முதல் பாவித்தவர் கருவியை அதற்கு மாற்றிவிட்டிருந்தால், எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரிந்துகொண்டே நூறு மீற்றருக்கும் மேல் தள்ளிக் கொண்டுபோய் விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பிழை இருக்கும். திரையில் ±3 மீற்றர் என்று வாறது உத்தரவாதம் இல்லை. கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லுற மதிப்பீடு. பெட்டியை வைத்தவரின் கருவியிலும் அதே அளவு பிழை இருந்திருக்கும், இரண்டும் சேரும். களவேலை ஒன்றில் ஒரே மரத்துக்குக் கீழே இரண்டு போனை வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று எட்டு மீற்றர் தள்ளிக் காட்டியது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கடைசிப் பத்து மீற்றரில் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடச் சொல்லுகிறார்கள்.

இந்த எட்டு, பத்து மீற்றரை ஒரேகன் காட்டில் நினைத்துப் பாருங்கோ: இன்னும் கொஞ்ச நேரம் தேட வேணும், அவ்வளவுதான். இப்ப அதையே துப்புரவாக்கின நிலமும் துப்புரவாக்காத நிலமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற ஊரில் நினைத்துப் பாருங்கோ. கண்ணிவெடி அகற்றுறவர்கள் ஆள்கூறுகளைப் பதிகிறார்கள்தான். ஆனால் எல்லை எது என்று காட்டுறதுக்கு அவர்கள் தரையில் தடி நட்டு, நாடா கட்டி, பலகை வைக்கிறார்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட எல்லையைக் கைக்கருவித் திரையில் விட்டுவைக்கிறதில்லை. நாங்களும் அந்த வரிசையைத்தான் படிக்க வேணும்: முதலில் தரை சொல்லுறது, பிறகு ஊராக்கள் சொல்லுறது, கடைசியில்தான் திரை சொல்லுறது.

அம்புக்குறியின் குணத்தைப் பாருங்கோ. அது எப்பவும் நேர்கோட்டைத்தான் காட்டும். வேலி தெரியாது, கிணறு தெரியாது, விதைத்த வயல் தெரியாது, கோயில் வீதி தெரியாது, சிவப்புப் பலகை தெரியாது. வரைபடம் உள்ள கருவி வேணும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்: பாதை எங்கே வளைகிறது என்று தெரிந்தால் அம்பை மதிக்காமல் பாதையிலேயே நடக்கலாம். வாகனத்தை நிப்பாட்டின இடத்தை முதலில் பதிந்துவிட்டு, வந்த தடத்தைக் கருவியில் பதிய விட்டால், திரும்பும்போதும் குறுக்குவழி தேடாமல் அதே தடத்தால் வரலாம். பாதையிலிருந்து எட்டாத பெட்டியென்றால் விட்டுவிட்டு வரலாம். கொப்பியில் ஒரு பெயர் குறையும், வேறொன்றும் நடக்காது.

தேடுறவர்களை விட ஒளிக்கிறவர்களுக்குப் பொறுப்புக் கூட. இங்கிலாந்தின் வெதர்பி நகரத்தில் 2011இல் ஒரு கடைக்கு வெளியே வைத்த ஜியோகாஷ் பெட்டியைக் குண்டு என்று நினைத்து, வீதியை மூடி, வெடிக்க வைத்தார்கள். யுத்தம் நடக்காத ஊரிலேயே அது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட நாட்டில் தனியாகக் கிடக்கும் பை ஒன்றை சனம் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு பற்றைக்குள் குனிந்து எதையோ தேடுற இளந்தமிழ்ப் பெடியனை விசாரிக்கிற தொனியும், அதையே செய்யிற வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியை விசாரிக்கிற தொனியும் ஒன்றாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. கையில் ஜிபிஎஸ் கருவியும் இருந்தால் கேள்விகள் இன்னும் கூடும். விளையாட்டின் விதி எல்லாருக்கும் ஒன்று, விளையாடுறவர்களின் நிலைமை ஒன்று இல்லை.

இன்னொன்று, ‘கைவிடப்பட்ட இடங்கள்’ மேல் இந்த விளையாட்டுக்கு இருக்கிற ஆசை. கூரையில்லாத வீடு, பாழடைந்த கட்டடம் எல்லாம் ஒளிக்க நல்ல இடம் என்று தோன்றும். எங்கட ஊர்களில் அந்தக் கூரையில்லாத வீட்டுக்கு ஒரு உறுதி இருக்கும், உறுதிக்காரர் இருப்பார், சிலவேளை அவர் இன்னும் திரும்பி வரக் காத்துக்கொண்டிருப்பார். அங்கே பெட்டி வைக்கிறது சாகசம் இல்லை, ஒருவருடைய வீட்டுக்குள் கேட்காமல் போறது.

அப்ப எங்கே வைக்கலாம்? பெட்டியே இல்லாத வகை ஒன்று இருக்கிறது, எர்த்காஷ் என்று சொல்லுவார்கள். அமெரிக்க புவிச்சரிதவியல் சங்கம் தொடக்கினது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ நீரையோ பார்த்து, கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேணும். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்குது. பெட்டிதான் வேணும் என்றால், ஒரு வாசிகசாலையிலோ தேத்தண்ணிக் கடையிலோ, உரிமையாளரைக் கேட்டு, அவருக்குத் தெரிய, மேலே என்ன சாமான் என்று மூன்று மொழியிலும் எழுதி வைக்கலாம். வைக்கிற முதல் ஆள்கூறை இரண்டு மூன்று வேறு நாட்களில் எடுத்துச் சராசரி பாருங்கோ. பிழையான ஆள்கூறு கொடுத்தால் தேடுறவரைப் பாதையை விட்டு இறக்கிறது நீங்கள்தான்.

‘பயம் கூடிப்போச்சு, யுத்தம் முடிந்து இவ்வளவு காலம்’ என்று சொல்லுவார்கள். வன்னி முழுக்க வெடி என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டு, சனம் தோட்டம் செய்து, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மிச்சத்தை முடிக்க அதன்படி உள்ள தவணை 2028 யூன். தவணை இருக்கிறது என்பதன் அர்த்தம் வேலை மிச்சம் இருக்கிறது என்பதுதான்.

அந்த வேலை முடியட்டும். அதுவரை ஆரும் எந்தக் கருவி வாங்கலாம் என்று என்னட்டக் கேட்டால், பற்றரி மாற்றக்கூடிய, வரைபடம் ஏற்றக்கூடிய, திசைகாட்டி உள்ள ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து வாங்கச் சொல்லுவன். வாங்கினாப் பிறகு, போற ஊரில் முதலில் காணுற ஆளிட்ட ‘இந்தப் பக்கம் போகலாமோ ஐயா’ என்று கேட்டுவிட்டு நடக்கவும் சொல்லுவன்.