ஓட்டிக்கொண்டே எடுக்கலாமா? மிதிவண்டிக் கைப்பிடிப் பையும் நம் பிள்ளைகளும்



புதிய தவணை தொடங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பையன் இனிமேல் சைக்கிளில்தான் பள்ளிக்கு வரப் போகிறான். ஹேண்டிலில் மாட்டுகிற பை ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறோம். எது நல்லது?" கடைகளிலும் இணைய விற்பனைப் பக்கங்களிலும் இத்தகைய பைகள் இன்று விதவிதமாகக் கிடைக்கின்றன. அவற்றின் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் வாசகம், 'ஓட்டிக்கொண்டே எளிதில் எடுக்கலாம்' என்பது. அந்த வாசகத்தைப் பற்றியே இப்பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பை வாங்குங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஓட்டிக்கொண்டே எடுக்கும் வசதி தொடக்கப்பள்ளி மாணவனுக்குத் தேவையற்றது. அந்த வசதிக்காகவே ஒரு பையைத் தேர்ந்தெடுப்பது, பிள்ளைக்கு ஒரு தீய பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்கித் தருவதற்கு ஒப்பாகும்.

யாருக்காகப் பிறந்த பை?

கைப்பிடிப் பை நெடுந்தொலைவு ஓட்டுநர்களின் துணைக்கருவி. பிரான்சு நாட்டில் 1891ஆம் ஆண்டு பந்தயமாகத் தொடங்கிய பாரிசு–பிரெசுட்டு–பாரிசு ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். இன்று அது பந்தயமாக நடைபெறவில்லை. ஆயினும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரை அதிகமாகப் போனால் 90 மணி நேரத்தில் கடக்க வேண்டும். அத்தகைய ஓட்டுநருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் நேர இழப்பு. ஆகவே உணவும் வரைபடமும் மழைச்சட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

நம் பிள்ளையின் பயணமோ ஒன்றிரண்டு கிலோமீட்டர். அதற்குள் ஓட்டிக்கொண்டே தின்னும் அளவுக்கு என்ன பசி? தண்ணீர் வேண்டுமென்றால் ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போகலாமே. பெரியவர்களின் தேவைக்காக உருவான ஒரு வசதியைச் சிறுவர்களின் தேவையாக மாற்றி விற்பது வணிகம். அதை அடையாளம் காண்பது நம் கடமை.

சுமை எங்கே இருக்க வேண்டும்?

பினாங்கு வாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. முற்காலத்தில் மிதிவண்டியில் ரொட்டி விற்றவர்களும் பால் ஊற்றியவர்களும் பெருஞ்சுமையைப் பின்சக்கரத்தின் மேல்தான் ஏற்றினார்கள். ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஓடும் டிரைஷாவில் பயணிகள் முன்னால் அமர்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே முன்புறம் இரண்டு சக்கரங்கள் தாங்குகின்றன, வண்டி சாயாது. இரண்டே சக்கரம் கொண்ட மிதிவண்டியின் நிலை வேறு.

கைப்பிடியில் மாட்டிய பை, கைப்பிடி திரும்பும் போதெல்லாம் தானும் திரும்பும். உள்ளே கனம் கூடினால் கைப்பிடி மெதுவாக அசையும். ஒருமுறை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் திருப்பிக் கொண்டுவர வலிமை வேண்டும். பை முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் இந்த விளைவு இன்னும் கூடும். மெதுவாக ஓட்டும்போது தடுமாற்றம் மிகுதியாகத் தெரியும். நம் பிள்ளைகளோ மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள்.

இதனினும் கேடானது, பிளாஸ்டிக் பையிலோ துணிப்பையிலோ பொருள்களைப் போட்டுக் கைப்பிடியின் ஒரு முனையில் தொங்கவிடுவது. காலையில் நாசி லெமாக் பொட்டலம், மாலையில் காலணிப் பை. அது ஊசலாடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் அக்கணமே நின்றுவிடும். ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலே தூக்கி எறியப்படுவார். தொங்கும் பையை விட, இறுக்கமாகப் பொருத்தப்பட்ட சிறு கைப்பிடிப் பை எவ்வளவோ மேல். அதனால்தான் பையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மூன்று நொடிகளின் விலை

ஒரு சிறுவன் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறான் என வைத்துக்கொள்வோம். நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல். பையைத் திறந்து புட்டியை எடுக்க மூன்று நொடிகள் குனிந்து பார்த்தால், ஏறக்குறைய 12 மீட்டரைப் பாராமலேயே கடக்கிறான். அது ஒரு பேருந்தின் நீளம். அந்த 12 மீட்டருக்குள் சாலையோரம் நிறுத்திய காரின் கதவு திறக்கலாம். சந்திலிருந்து மோட்டார் சைக்கிள் வெளிவரலாம். மூடியில்லாத கால்வாய் குறுக்கிடலாம். ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் காலை ஏழு மணிக்குச் சாலை எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மேலும், ஒரு கை பைக்குள் இருக்கும்போது மறு கையில் ஒரேயொரு பிரேக்தான் மிஞ்சுகிறது. அது முன்சக்கரப் பிரேக்காக இருந்து, பதற்றத்தில் அழுத்திப் பிடித்தால் வண்டி கவிழும். எந்தக் கைப்பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறக்கூடும். இதைத் தம் பிள்ளையிடம் கேட்டறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

குழந்தை ஒரு நேரத்தில் ஒரு செயலில்தான் முழுக்கவனம் செலுத்த இயலும் என்பது ஆசிரியர் பயிற்சியில் நாம் கற்ற அடிப்படைப் பாடம். வகுப்பறையில் கரும்பலகையையும் நோட்டையும் ஒருசேரக் கவனிக்கத் தடுமாறும் பிள்ளை, சாலையையும் பையையும் ஒருசேரக் கவனிக்கும் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பை சிறியதாக இருக்கட்டும். மழைச்சட்டை, சிறு பணப்பை, வீட்டுச்சாவி ஆகியவை அடங்கினால் போதும். பெரிய பை வாங்கினால் பெரிய சுமை தானாகவே வந்து சேரும்.

2. இரண்டு பட்டைகளால் மட்டும் தொங்கும் பை ஆடும். கைப்பிடியில் இரண்டு இடங்களிலும், கீழே வண்டியின் முன்கழுத்தில் ஓரிடத்திலும் கட்டக்கூடிய பை அசையாது நிற்கும்.

3. பொருத்திய பின் கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் கம்பிகள் மடங்கவோ, பை சக்கரத்தில் உரசவோ கூடாது. முன்விளக்கும் மறையக்கூடாது.

4. மூடி முன்புறம் கீல் கொண்டு, ஓட்டுபவர் பக்கமாகத் திறக்க வேண்டும். மாறாக அமைந்த மூடி கைக்குக் குறுக்கே நிற்கும். மூடாமல் விட்டாலும் எதிர்க்காற்று முதல் வகை மூடியை மூடிவிடும்.

5. நம் ஊர் மழைக்குச் சுருட்டி மூடும் பையே சிறந்தது. அதைத் திறக்க இரண்டு கைகள் வேண்டும் என்பதைப் பலர் குறையாகச் சொல்வர். பிள்ளைகளைப் பொறுத்தவரை அதுவே நிறை. இறங்கி நின்றால்தான் திறக்க முடியும்.

6. பெரியவர்களுக்கு ஒரு சொல்: திறந்த கூடையிலோ பையிலோ கைத்தொலைபேசியையும் பணப்பையையும் வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் வரும் பறிப்புத் திருடர்களுக்கும் அவை 'எளிதில் எடுக்கக்கூடியவை'தாம்.

பாடநூல்களை ஒருபோதும் கைப்பிடியில் ஏற்ற வேண்டாம். அவற்றின் இடம் பின்புறத் தாங்கி. அதில் இறுகக் கட்டிவிட்டால் முதுகுக்கும் ஓய்வு.

பள்ளியின் பங்கு

பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புத்தகப்பை இலேசாக இருந்தால் இந்தக் கேள்வியே பாதியாகக் குறைந்துவிடும். நம் கல்வி அமைச்சு 2022ஆம் ஆண்டில் பைச்சுமையைக் குறைக்கும் நடவடிக்கைகளை அறிவித்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்கிறது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. ஆசிரியர்களாகிய நாம் கால அட்டவணையைச் சற்றுச் சீரமைத்து, வகுப்பிலேயே வைக்கக்கூடிய நூல்களை வகுப்பிலேயே வைத்தால் அந்த அளவை எட்டுவது அரிதன்று.

சிலர், "இத்தனை தொல்லை எதற்கு? காரிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறோம்" என்பர். அது தீர்வாகாது. பள்ளி வாசலில் நீளும் கார் வரிசையே நடந்தும் மிதித்தும் வரும் பிள்ளைகளுக்குப் பெரிய இடர். மேலும், மிதிவண்டி தரும் தன்னம்பிக்கை எளிதில் கிடைப்பதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சிற்றூர்ப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுத் தந்தது. அப்பெண்கள் தாமே ஓட்டித் தம் வேலைகளுக்குச் சென்றனர். தன் பயணத்தைத் தானே நடத்தும் ஆற்றல் ஒருவரை எவ்வளவு நிமிரச் செய்யும் என்பதற்கு அது சான்று. அந்த ஆற்றலை நம் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம், பாதுகாப்போடு கொடுப்போம்.

பை வாங்கியதும் ஒரு ஞாயிறு காலை திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பையில் பொருள்களை வைத்து ஓட்டச் சொல்லுங்கள். 'தண்ணீர் வேண்டும்' என்றதும் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். பிரேக் பிடித்து, ஓரம் ஒதுங்கி, காலூன்றி நின்று, அதன்பின் பையைத் திறந்தால் அப்பிள்ளை சாலைக்கு ஆயத்தமாகிவிட்டது. கை முதலில் பைக்குப் போனால், இன்னும் சில ஞாயிறுகள் திடலிலேயே கழியட்டும்.