கோட்டைக்குள் பங்கு கேட்டால் கிடைக்காது

1621இல் ஆங்கிலேய வியாபாரிகள் பழவேற்காட்டில் கடை விரிக்க வந்தபோது, டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சோழமண்டலக் கரையில் துணி வியாபாரத்தின் பிடி அவர்கள் கையில். பழையகாட் கைலி என்று இன்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து போனதுதான். 1619இல் இரண்டு நாட்டுக் கிழக்கிந்திய கம்பெனிகளும் ஐரோப்பாவில் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருந்தன. பழவேற்காட்டு வியாபாரத்தில் ஆங்கிலேயருக்கும் பங்கு உண்டு, பதிலுக்கு அவர்கள் கோட்டைக் காவல் செலவில் பாதியை ஏற்க வேண்டும். செலவு ஒழுங்காக வந்தது, வியாபாரம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள். 1626இல் பழவேற்காடு ஏரியின் வடபுறம் துர்கராஜபட்டினத்தில் ஒதுங்கினார்கள். அங்கும் சரிப்படாமல் 1639இல் தெற்கே இறங்கி, துறைமுகம் என்று சொல்லவே தகுதியில்லாத ஒரு மணல்கரையை மானியமாக வாங்கினார்கள். அதுதான் மதராசபட்டினம். 1690இல் டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கிழக்கிந்திய கம்பெனிக்கு இங்கே யாரும் மாலை போட வேண்டியதில்லை. ஆனால், முன்னால் நிற்பவனோடு மோத நினைக்கும் பின்தங்கியவன் முதலில் செய்யும் தவறும் பிறகு கண்டுபிடிக்கும் வழியும் இந்த இருபது ஆண்டுக் கதையில் இருக்கின்றன. வீடியோ கேம் உலகில் அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்த ஒரு தொடர் உண்டு. அது அமெரிக்காவின் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட ‘என்.பி.ஏ. லைவ்’ என்னும் கூடைப்பந்து விளையாட்டு.

தொண்ணூறுகளில் கூடைப்பந்து கேம் என்றால் லைவ்தான். 1994இல் வந்த ‘லைவ் 95’ தொடங்கி அதற்கு எதிராளி என்று சொல்லும்படி யாருமில்லை. 1999இல் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கருவிக்காக ‘என்.பி.ஏ. 2கே’ வந்தது, அட்டையில் ஆலன் ஐவர்சன். கருவி சீக்கிரமே கடையை மூடியது, விளையாட்டு பிழைத்துக்கொண்டது. 2005இல் டேக்-டூ நிறுவனம் அதை வாங்கியபின் ஆண்டுக்கு ஆண்டு ஏறுமுகம். லைவ் பதறியது. 2010இல் பெயரையே ‘எலீட் 11’ என்று மாற்றிப் புதிதாக வர முயன்றது. முன்னோட்டத்தில் ஆண்ட்ரூ பைனம் என்ற ஆட்டக்காரர் ஆடுகளத்தின் நடுவே இரு கைகளையும் சிலுவைபோல விரித்து அசையாமல் நின்ற காட்சி உலகமெங்கும் சிரிப்புக்கு ஆளானது. விளையாட்டு கடைக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது. அதே பருவத்தில் 2கே, மைக்கேல் ஜோர்டனை அட்டையில் போட்டு வந்தது! 2013இல் ‘லைவ் 14’ திரும்பி வந்து விமர்சகர்களிடம் அடி வாங்கியது. 2018இல் ‘லைவ் 19’. அடுத்த ஆண்டு வரவேண்டியது ரத்து. அத்தோடு கன்சோல்களில் லைவ் இல்லை.

ஒவ்வொரு முறையும் லைவ் எதற்கு ஆசைப்பட்டது? 2கேவைப் போலவே ஆகத்தான். வியர்வைத் துளி வரை அச்சு அசலான முகங்கள், தொலைக்காட்சி ஒளிபரப்பு போன்ற தோற்றம், நிஜ ஆட்டத்தின் உடலசைவு. இவற்றிலெல்லாம் பல ஆண்டுகள் உழைத்து முன்னேறிய ஒருவனோடு அவன் ஆடுகளத்திலேயே மல்லுக்கு நின்றால், அவன் காவல் செலவில் பாதியைக் கட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

லைவ் தன் வழியில் போன இடங்களில் கதை வேறு. 2017இல் ‘லைவ் 18’ அமெரிக்க மகளிர் லீக் அணிகளை முழுமையாகக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, ஆடுபவர் தன் ஆட்டக்காரரைப் பெண்ணாகவே உருவாக்கிக்கொள்ளலாம் என்றது. 2கேயில் மகளிர் அணிகள் இடம்பெற்றது 2019இல்தான். இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவராக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற பி. அனிதா சென்னைக்காரர். அவரைப் பார்த்துப் பள்ளி மைதானத்தில் பந்து தட்டப் பழகிய பெண்பிள்ளைகளுக்குத் திரையில் தங்கள் சாயல் கிடைத்தது, முன்னால் நின்றவனால் அல்ல, தோற்றுக்கொண்டிருந்தவனால். லைவ் அந்த வழியிலேயே இன்னும் நாலு அடி போயிருக்கலாம். போகவில்லை.

எதிராளியிடம் ஓட்டைகள் இல்லாமலும் இல்லை. போட்டியில்லாத கடைக்காரருக்கு வரும் மெத்தனம் 2கேவுக்கும் வந்தது. முழு விலை கொடுத்து வாங்கியபின், உள்ளே ஆட்டக்காரரின் திறனைக் கூட்ட மறுபடியும் பணம். ‘2கே21’இல் தாண்டிப்போக முடியாத விளம்பரங்களைப் போட்டு, எதிர்ப்பு வந்தபின் வருத்தம் தெரிவித்தார்கள். 2023இல் வந்த ‘2கே24’, ஸ்டீம் தளத்தில் மிக மோசமான மதிப்பீடு பெற்றவற்றில் ஒன்றாக விழுந்தது. சில ஆண்டுகளில் பழைய பதிப்பின் சர்வரை மூடிவிடுவார்கள். இணையத்தில் சேர்த்துவைத்ததெல்லாம் போயிற்று. இவ்வளவு கோபம் சேர்ந்த சந்தையில் ஒரு போட்டியாளர்கூட நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

விலையை வைத்து அடிக்கலாமே என்று தோன்றும். அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் 2கே தொடரைச் செய்தவர்களே. 2004இல் அமெரிக்கக் கால்பந்தில் இ.ஏ.வின் ‘மேடன்’ ராஜா. பின்தங்கியிருந்த ‘என்.எஃப்.எல். 2கே5’ ஏறக்குறைய 20 டாலருக்கு வந்தது. ஐம்பது டாலருக்கு விற்ற மேடன் விலையை இறக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் இ.ஏ. பதில் கொடுத்தது, விளையாட்டில் அல்ல, வக்கீல் மேசையில். லீக்கின் உரிமத்தை முழுக்கத் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டது. மலிவான எதிராளிக்கு ஆட அணிகளே இல்லை. உரிமம் அடுத்தவன் கையில் இருக்கும்வரை விலைக்குறைப்பு ஒரு பருவத்து ஆயுதம், அவ்வளவுதான்.

இ.ஏ.வுக்கு இது இப்போது புரிந்திருக்கிறது போலும். பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூலையில் கல்லூரிக் கால்பந்து விளையாட்டை மீண்டும் கொண்டுவந்தது, பெரிய வெற்றி. 2025 ஜூன் கடைசியில் கல்லூரிக் கூடைப்பந்துக்கும் திரும்பப்போவதாக அறிவித்தது. என்.பி.ஏ. என்ற கோட்டைக்கு வெளியே, தங்கள் ஊர்க் கல்லூரிக்காக உயிரை விடும் ரசிகர்கள் நிற்கும் இடத்துக்கு அது போகிறது. தாமதமான புத்தி என்றாலும் நல்ல புத்தி.

தமிழ் வாசகருக்கு இதில் அக்கறை ஏன் வேண்டும்? இதே மாதிரியான போட்டி ஒன்று நம் வாசலில் நடக்கிறது, அதில் ஒரு தரப்பு சென்னைக்காரர்கள்.

‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ என்ற கைபேசி விளையாட்டை, அதாவது பையன்கள் டபிள்யூசிசி என்று சொல்வதை, செய்வது சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா. இரண்டாம் பதிப்பு 2015இல், மூன்றாம் பதிப்பு 2020இல். மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் அந்த நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. 2021 மார்ச்சில் நசாரா பங்குச்சந்தைக்கு வந்தபோது டபிள்யூசிசி அதன் முகங்களில் ஒன்று. எதிரே ‘ரியல் கிரிக்கெட்’. அதைச் செய்யும் நாட்டிலஸ் மொபைலின் கட்டுப்பாட்டுப் பங்கை 2025இல் சுமார் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? பப்ஜியைச் செய்த தென்கொரிய நிறுவனமான கிராஃப்டன். முகங்களின் அச்சு அசலிலும் பெரிய அணிகளின் உரிமத்திலும் பணத்தைக் கொட்டும் போட்டியாக இது மாறினால், சென்னையின் பாடு திண்டாட்டம்தான்.

தேசபக்தி கைகொடுக்காது என்பதையும் பார்த்தாயிற்று. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டதும் பெங்களூரு நிறுவனம் ஒன்று ‘ஃபௌஜி’ என்ற விளையாட்டை அறிவித்தது. முன்னால் நின்று அறிவித்தவர் நடிகர் அக்‌ஷய் குமார். 2021 குடியரசு தினத்தன்று வெளியாயிற்று. இந்தியத் தயாரிப்பு என்று ஆவலாக இறக்கியவர்கள், உள்ளே சரக்கு இல்லை என்று கண்டு அடுத்த வாரங்களிலேயே மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பப்ஜி வேறு பெயரில் திரும்பி வந்தது, கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது.

கைகொடுக்கக் கூடியது எது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. இ.ஏ. 2006 கடைசியில் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’. அதன்பின் அந்த நிறுவனம் கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. ஆனால் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் அந்த விளையாட்டு சாகவில்லை. ஐபிஎல் பிறந்ததே 2008இல். இருந்தும் இந்த விளையாட்டுக்குள் மஞ்சள் சட்டை போட்ட சென்னை அணி ஆடியது. ரசிகர்களே அணிகளையும் சட்டைகளையும் மைதானங்களையும் செய்து உள்ளே நுழைத்துப் பரிமாறிக்கொண்டார்கள். கைவிடப்பட்ட ஒரு விளையாட்டை ரசிகர்கள் பல ஆண்டுகள் தூக்கிச் சுமந்தார்கள் என்றால், உயிரோடு இருக்கும் நிறுவனம் அந்தக் கதவைத் தானே திறந்துவைத்தால் என்ன ஆகும்?

இப்போது பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தையோ கோரைக்குப்பத்தையோ எடுத்துக்கொள்வோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021இல் வந்தபோது விலை 49,990 ரூபாய். மீன்பாடு நிச்சயமில்லாத குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விளையாட்டு என்றால் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன். அதிலும் அண்ணன் பயன்படுத்தித் தம்பிக்கு வந்தது, மெமரி எப்போதும் நிறைந்தது. இந்தப் பையன் பளபளப்பான ஜிபிக்களைக் கேட்கவில்லை. சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்கக் கூடாது, போன் சூடாகக் கூடாது, அடுத்த பதிப்பு வந்ததும் சேர்த்த ரன்கள் அழியக் கூடாது. இவ்வளவுதான். அவன் போனில் சரியாக ஓடினால் மாநிலத்தில் எந்தப் போனிலும் ஓடும்.

அவன் ஆடுவது எந்த கிரிக்கெட்? மணலில், டென்னிஸ் பந்தில். தண்ணீருக்குள் அடித்தால் அவுட், ஒரு குத்து ஒரு கையில் பிடித்தாலும் அவுட் என்று ஊருக்கு ஊர் மாறும் சட்டம். கோடை வந்தால் ஊருக்கு ஊர் போட்டி, கோப்பை, ரொக்கப் பரிசு, மைக் பிடித்து வர்ணனை செய்ய ஒருவர். இதற்குப் பார்வையாளர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படம் ஓடிய ஓட்டம் தெரியும். அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய டென்னிஸ் பந்து லீக்கான இந்தியன் ஸ்ட்ரீட் பிரீமியர் லீக்கில் சென்னை சிங்கம்ஸ் அணியின் உரிமையாளர் நடிகர் சூர்யா. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய பந்துவீச்சாளர் நடராஜன், மாநில லீக்கான டிஎன்பிஎல் வழியாக ஏறி, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

டபிள்யூசிசியின் மதராசபட்டினம் இந்த மணல்தான். இதைப் பெரிய மைதானங்களுக்கு ஓரத்தில் ஊறுகாயாக வைத்தால் போதாது, சாப்பாடாகவே பரிமாற வேண்டும். குப்பத்துக்கு ஓர் அணி, ஊர் சட்டத்தை ஆடுபவர்களே எழுதிக்கொள்ளும் வசதி, டென்னிஸ் பந்து லீக் வழியாக டிஎன்பிஎல், அங்கிருந்து மேலே என்று நடராஜன் ஏறிய படிகளில் ஒரு நீண்ட ஆட்டப் பயணம். டபிள்யூசிசி 3இல் தமிழ் வர்ணனை ஏற்கெனவே இருக்கிறது; அதில் மைக் பிடிக்கும் ஊர்க்காரரின் குரலும் நையாண்டியும் சேரட்டும். இந்த ஆட்டக்காரர்களுக்கெல்லாம் எந்த வாரியத்திடமும் கோடிகள் கொடுத்து உரிமம் வாங்க வேண்டாம். கிராஃப்டனின் பணம் இந்த இடத்தில் பெரிய அனுகூலம் தராது. குப்பத்துப் பெண்பிள்ளைகளின் அணியும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

இதற்கு மறுப்பு ஒன்று வரும்: இலவசமாக ஆடுபவனிடம் காசு எங்கே? நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கானவர்கள் பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுக்கும் சந்தை இது; ஒருவனிடமே பல்லாயிரம் கறப்பதற்கு இங்கே வழியில்லை, தேவையும் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம்11 அந்தத் தொழிலிலிருந்தே விலகியது. பந்தயம் இல்லாமல் கிரிக்கெட்டைப் போனில் ஆட விரும்பும் ஒரு பெருங்கூட்டத்துக்கு இப்போது போக்கிடம் தேவை.

அந்தக் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. எனவே நெக்ஸ்ட்வேவுக்கும் நசாராவுக்கும் ஒரு கோரிக்கை: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிகளை விற்காதீர்கள். விற்பதற்கெல்லாம் ரூபாயில் விலையை முதலிலேயே எழுதிவையுங்கள். அடுத்த பதிப்பு வந்த பிறகும் பழைய பதிப்பை ஆட விடுங்கள்.