பச்சை இறைச்சியா, பைத்தீனியா?



சென்ற இதழில் குப்பை பிரிப்பது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை நாய்ச் சாப்பாடு. சிரிக்க வேண்டாம். இந்தச் சாப்பாட்டால் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தது, ஒருவருக்கு வேலை நின்றது. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்றுதான் எழுதுகிறோம்.

டார்ம்ஸ்டாட்டில் எங்களோடு இரவு ஷிப்டில் நிற்கும் ஒரு ஜேர்மன் தோழரிடம் அஸ்கோ என்றொரு ஷேப்பர்ட் நாய் இருக்கிறது. காட்டில் காணாமல் போனவர்களைத் தேடப் பழக்கிய நாய். சனி ஞாயிறில் பயிற்சிக்குப் போகும். தோழருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. மூன்று கிழமைக்கு நாயை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். நாங்கள் வந்த புதிதில் அம்றுக் கடிதங்களை எல்லாம் வாசித்துச் சொன்னவர் அவர்தான். மறுக்க மனம் வரவில்லை. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு நாயைக் கூட்டி வந்தோம்.

நாயோடு ஒரு பை நிறைய உறைந்த பொட்டலங்களும் வந்தன. மாட்டு வயிறு, கோழிக் கழுத்து, ஈரல், எல்லாம் பச்சை. இதை இங்கே 'பார்ஃப்' என்கிறார்கள். இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் 1993இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பரவிய முறை. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே ஓநாய் தின்பதையே தின்ன வேண்டும் என்பது இவர்களின் வாதம்.

ஊரிலிருந்து போனில் கதைத்த மாமிக்கு நம்ப முடியவில்லை. "தம்பி, சோறு தின்னாத நாயும் இருக்குதோ?" என்று கேட்டா. மாமி கேட்டது நியாயமான கேள்விதான். 2013இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு ஓநாயை விட நாயிடம் பல மடங்கு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதரின் மிச்சத்தைத் தின்று வாழ்ந்ததால் வந்த மாற்றம் அது. எங்கள் ஊர் நாய்கள் சோறும் மீன்தலையும் தின்று வளவு காத்தது சும்மா இல்லை.

ஆனால் அஸ்கோ எங்கள் நாய் இல்லையே. தோழர் சொன்னபடி செய்தோம். இரவு வேலைக்குப் போகுமுன் ஒரு பொட்டலத்தை எடுத்து, கோப்பை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இளக வைப்போம். வெங்காயம் வெட்டும் பலகையிலேயே வெட்டினோம். பலகையை வெறும் தண்ணீரில் கழுவினோம். எங்கள் மூன்று வயதுக் கடைக்குட்டி அஸ்கோவின் கோப்பையைத் தூக்கித் திரிவாள், நாய் அவளின் முகத்தை நக்கும். பார்க்க எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல். மலத்தைச் சோதித்ததில் சால்மொனெல்லாக் கிருமி. அது எதிலிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, முட்டையிலும் கோழியிலும் கூட வரலாம் என்றார் பிள்ளை வைத்தியர். வீட்டில் பச்சை இறைச்சி இளக வைப்பதைச் சொன்னதும் தலையை ஆட்டினார். உறைய வைத்தால் இந்தக் கிருமி சாகாது, தூங்குவது மட்டும்தான் என்றார். நாய் நோய் எதுவும் காட்டாமலே கிருமியை வயிற்றில் வைத்திருந்து கழிவோடு வெளியே விடும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதோடு முடியவில்லை. இந்நாட்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, ஆறு வயது நிறையாத பிள்ளைக்குத் தொற்று வயிற்றோட்டம் இருந்தால் கிண்டர்கார்டனுக்கு விட முடியாது. சால்மொனெல்லா சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கிருமி. எங்கள் வீட்டில் அம்மா ஒரு பெரிய குசினியில் வேலை. அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் சோதித்தபோது கிருமி இருந்தது. கிருமி போகும்வரை சாப்பாட்டுச் சாமான் தொடும் வேலைக்குப் போகக் கூடாது என்று தடை வந்தது.

அலுவலகத்தார் கேட்டபோது நாயைப் பற்றிச் சொல்லாமல் விடுவோமா என்று ஒரு கணம் யோசித்தோம். தோழருக்குக் கரைச்சல் வருமோ என்ற பயம்தான். பிறகு உண்மையைச் சொன்னோம். ஒருவரும் ஏசவில்லை. கை கழுவும் முறை, மலகூடம் துடைக்கும் முறை எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். நோய் இல்லாமல் கிருமி மட்டும் இருப்பதால் வேலைத்தடை வந்தவர், அதே சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி சம்பள இழப்பீடு கேட்கலாம். இதை எங்களுக்குச் சொன்னதும் அவர்கள்தான். இப்படி யாருக்காவது நேர்ந்தால் கேட்காமல் விடாதீர்கள்.

இனி, எந்தச் சாப்பாடு நல்லது? அஸ்கோவைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் போனோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எங்களுக்கும் விளங்கும்படி சொன்னார்.

பச்சை இறைச்சியில் வளர்ந்து நன்றாக ஓடும் நாய்கள் உண்டு. ஆனால் வெறும் இறைச்சி முழுச் சாப்பாடு இல்லை. அதில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. கணக்குப் பிழைத்தால் வளரும் குட்டியின் எலும்பு வளையும். ஈரல் அளவு மீறினால் விற்றமின் ஏ நஞ்சாகும். சரியாகக் கொடுக்க வேண்டுமானால் எலும்பு, ஈரல், மரக்கறி, எண்ணெய் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும்.

பையில் வருவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். 'அலைன்ஃபுட்டர்மிட்டல்' என்று அச்சிட்டிருந்தால் அது மட்டுமே நாய்க்குப் போதும். 'எர்கென்சுங்ஸ்ஃபுட்டர்மிட்டல்' என்றால் அது பக்க உணவு, அதை மட்டும் கொடுத்தால் நாய்க்குப் போதாது. பையிலுள்ள ஓநாய்ப் படத்தைப் பார்க்காமல் இந்தச் சொல்லைத் தேடுங்கள். எந்த வயது நாய்க்கு என்பதையும் பாருங்கள். உலர்ந்த தீனி என்றால் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

வேலை செய்யும் நாய்க்கு விசேஷமாக ஏதும் வேண்டாமா என்று கேட்டோம். அது வேலையைப் பொறுத்தது. அலாஸ்காவில் பனிவண்டி இழுக்கும் ஓட்டப்போட்டி நாய் ஒரு நாளில் 10,000 கிலோகலோரிக்கு மேலும் எரிக்கும். அதற்குக் கொழுப்புக் கூடிய சாப்பாடு தேவை. 35 கிலோ ஷேப்பர்ட்டுக்கு, வாரக் கடைசியில் மட்டும் தேடப் போகிறதென்றால், ஒரு நாளைக்குச் சுமார் 1,400 முதல் 1,600 கிலோகலோரி போதும். வேலை நாய் என்று சொல்லி அள்ளிப் போட்டால் கொழுத்து மூட்டு நோகும். கடும் வேலைக்குச் சற்று முன்னும் வேலை முடிந்த கையோடும் பெரிய சாப்பாடு கொடுக்க வேண்டாம். பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும், சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும்.

பன்றி விஷயத்தில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பச்சைப் பன்றி இறைச்சியில் ஔயெஸ்கி என்ற வைரஸ் இருக்கலாம். மனிதருக்கு அது பொதுவாக ஒன்றும் செய்யாது, நாய்க்கு வந்தால் மருந்தே இல்லை. 2003 முதல் ஜேர்மனியின் பண்ணைப் பன்றிகள் அந்த நோயிலிருந்து விடுபட்டதாகக் கணிக்கப்படுகின்றன. காட்டுப்பன்றிகளில் அது இன்னும் உண்டு. 2024 ஜூனில் எங்களுக்கு அருகே குரோஸ்-கெராவ் பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். அது வேறு நோய், நாயைப் பிடிக்காது. அப்போது இறந்த பன்றிகளைக் காட்டில் தேடியதும் பழக்கிய நாய்கள்தான். யாராவது வேட்டைக்காரர் அன்பாகக் காட்டுப்பன்றி இறைச்சி தந்தால் நாய்க்கு அவித்தே கொடுங்கள்.

எங்கள் கறிமிச்சமும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும்.

தோழருக்குப் போன் எடுக்க இரண்டு நாள் தயங்கினோம். பிள்ளைக்கு வருத்தம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப எப்படி இருக்கிறாள்?" என்பதுதான். பிறகு, "நான் தனி ஆள். நிலவறையில் தனிப் பெட்டியில் உறைய வைத்து அங்கேயே வெட்டுவேன். உங்கள் வீட்டை நான் யோசிக்கவில்லை" என்றார். வைத்தியர் சொன்னபடி ஒரு கிழமையில் சிறிது சிறிதாகக் கலந்து அஸ்கோவை முழுத்தீனிக்கு மாற்றினோம். அது கோப்பையை நக்கித் துடைத்தது.

இப்போது பிள்ளை சுகம். அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டா. அஸ்கோ தன் வீட்டில் மறுபடி பச்சை இறைச்சி தின்கிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. அமெரிக்காவில் நோயாளிகளைப் பார்க்க நாய்களை அனுப்பும் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு 2010 முதல் பச்சை இறைச்சி தின்னும் நாயைச் சேர்ப்பதில்லை. நாய்க்கு ஆகாது என்பதற்காக அல்ல, அது தொடும் மனிதருக்காக. நாங்கள் கற்றதும் அதுதான். நாய்க்கு எது நல்லது என்று கேட்குமுன், அந்தக் குசினியை யார் பாவிக்கிறார்கள் என்று பாருங்கள். சின்னப் பிள்ளை, கர்ப்பிணி, வயதானவர், சாப்பாட்டு வேலைக்குப் போகிறவர், இவர்களில் ஒருவர் இருந்தாலும் முழுத்தீனியே போதும்.

பச்சைதான் கொடுப்போம் என்பவர்கள் தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள். இறைச்சியைப் பிறிட்ஜின் அடித்தட்டில் மூடி இளக வையுங்கள். கோப்பையைச் சுடுநீரிலும் சோப்பிலும் கழுவி, பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.