உறைந்த எல்லைகளும் புறநகர் வாக்காளர்களும்

தொகுதி மறுவரையறை விவாதம் இன்று வடக்கு, தெற்கு என்ற ஒரே கோட்டின் இருபுறமும் நடக்கிறது. மாநிலங்களுக்கிடையிலான அநீதி குறித்து ஓயாது எழுதுவோர், ஒரே நகரத்துக்குள் ஒரு வாக்கின் மதிப்பு இன்னொன்றின் மதிப்பில் சிறு பங்காகத் தேய்வதைக் கண்டுகொள்வதில்லை. 2008இல் மறைந்த புறநகர் தில்லி மக்களவைத் தொகுதியின் வரலாறு அவர்களுக்கான பாடம்.

1952இல் முதல் தேர்தலைக் கண்ட அத்தொகுதி, தலைநகரைச் சூழ்ந்த சிற்றூர்களைப் பெருமளவில் கொண்டிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் நகரின் நடுப்பகுதியிலிருந்த குடிசைகள் இடிக்கப்பட்டு, மக்கள் மங்கோல்புரி, சுல்தான்புரி போன்ற விளிம்புநிலைக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். அதே 1976இல்தான் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தொகுதிகளை 1971 கணக்கெடுப்பில் உறையவைத்தது. ஏழைகளை இடம்பெயர்த்த அரசே, அவர்கள் பெயர்ந்த இடத்துக்கு ஏற்பத் தொகுதியும் மாறும் வழியை அடைத்தது.

விளைவு 2004இல் வெளிப்பட்டது. புறநகர் தில்லியில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதி அதுவே. அருகிலிருந்த சாந்தினி சௌக்கில் நான்கு லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கோர் உறுப்பினர்.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படலாகாது என்பது வலுவான வாதம். ஆயினும் அது மாநிலங்களின் இடப் பங்கீட்டுக்கே பொருந்தும். மாநிலத்துக்குள் வரையப்படும் கோடுகளுக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் பிரிக்க இயலும் என்பதை 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தமும் 2003ஆம் ஆண்டின் 87ஆம் திருத்தமும் மெய்ப்பித்தன. மாநிலப் பங்கு 1971இன்படியே நிற்க, உள் எல்லைகள் 2001 கணக்கெடுப்பின்படி மாற்றப்பட்டன. புறநகர் தில்லி கலைக்கப்பட்டதும் அவ்வாறே. எந்த மாநிலமும் ஓர் இடத்தையும் இழக்கவில்லை.

பிழை அதன்பின் நேர்ந்தது. உள் எல்லைகளும் 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை மீண்டும் பூட்டப்பட்டன. அதே மறுவரையறையில் ஐதராபாத்தின் புறநகருக்கென உருவான மல்காஜ்கிரி, 2024இல் 37 லட்சம் வாக்காளர்களைக் கடந்தது. ஒழிந்த நோய் வேறோர் ஊரில் முளைத்தது. புணேயின் விளிம்பிலுள்ள லோஹேகாவ் 2017இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஊராட்சியாக இருந்த ஊரை நகரமாக்க அரசாணை ஒன்று போதுமாயிற்று. ஆனால் அதன் மக்களவைத் தொகுதியின் எல்லையோ இன்னும் 2001இன் தலைக்கணக்கிலேயே நிற்கிறது.

தெற்கின் உரிமையைக் காப்பதாகச் சொல்லி உள் எல்லைகளையும் உறையவிடுவது நியாயமன்று. அதன் விலையைச் செலுத்துவோர் தில்லிக்காரரோ தமிழரோ அல்லர். எல்லா மாநிலங்களிலும் நகர விளிம்புக்குத் தள்ளப்பட்ட உழைப்பாளிகளே. மாநிலப் பங்கீடு எவ்வாறு முடிவானாலும், உள் எல்லைகள் ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னரும் திருத்தப்பட வேண்டும். இக்கோரிக்கையை முதலில் எழுப்பும் கடமை, கூட்டாட்சிக்காக வாதிடுவோருக்கே உரியது.