அலமாரியில் உறங்கும் கேமரா

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மூடுபனி காப்பிச் செடிக்கு இதம்; அலமாரியில் பல்லாண்டு கிடக்கும் டிஜிட்டல் கேமராவுக்கோ பகை. அது இயங்கவில்லையெனில், முதலில் மெமரி கார்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காலஞ்சென்ற வாப்பாவின் படம் வேறெங்கும் இல்லாதிருக்கலாம்.

பின்னர் பேட்டரி அறையைப் பாருங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்து வெண்பொடி படிந்திருந்தால், பேட்டரியை அகற்றி, பஞ்சுக்குச்சியில் ஓரிரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். பல வேளைகளில் இதுவே போதும். திருகாணிகளை மட்டும் கழற்றாதீர்கள்! பேட்டரியை எடுத்த பின்னும் பிளாஷின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். பிள்ளைகளையும் எச்சரித்து வையுங்கள். லென்சுக்குள் பூஞ்சை தெரிந்தால், சேலத்துக்கு இறங்கும்போது பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.